அம்மாமார் கப்பலேறிய ஊர்



இம்மாதம் உங்களை ஒரு சிறிய ஆற்றங்கரை ஊருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். ஊரின் பெயர் பிர்வாச்சினா. ஐரோப்பாவில் இத்தாலிக்குக் கிழக்கே சுலோவேனியா என்றொரு நாடு உண்டு. எமது இலங்கையின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாடு, சனத்தொகையும் ஏறத்தாழ 21 இலட்சம்தான். அதன் மேற்கு ஓரத்தில், இத்தாலிய எல்லையிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், விபாவா என்ற ஆற்றின் பள்ளத்தாக்கில் இந்த ஊர் இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். ஒரு தேவாலயம், ஒரு புகையிரத நிலையம், பீச்சுப் பழத் தோட்டங்கள், முந்திரிகைத் தோட்டங்கள். உலகப் படத்தில் தேடினால் எளிதில் அகப்படாது.

அங்கே ஒரு சிறிய அருங்காட்சியகம் உண்டு. அரசர்களின் வாளோ தளபதிகளின் சிலையோ அதில் இல்லை. வீட்டு வேலைக்கென்று கடல் கடந்து போன பெண்களின் பெட்டிகள், உடைகள், கடிதங்கள், நிழற்படங்கள் ஆகியவற்றையே அங்கே காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்கள் போன இடம் எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரம். அதனால் ‘அலெக்சாந்திரின்கே’ என்றே அவர்களுக்குப் பெயர். ஒருத்தி அலெக்சாந்திரின்கா, பலர் அலெக்சாந்திரின்கே. கிட்டத்தட்ட எண்பது, தொண்ணூறு வருட காலம் இந்தப் பள்ளத்தாக்கின் குடும்பங்களைத் தாங்கி நிறுத்தியது அவர்களது சம்பளம். அதைப் பற்றி ஊர் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியதோ மிகவும் பிந்தித்தான்.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். நிலம் விளங்கினால்தான் பெண்கள் ஏன் போனார்கள் என்பது விளங்கும்.

விபாவா ஆறு நானோஸ் என்ற மலையின் அடிவாரத்தில் பல ஊற்றுக்களாகப் பீறிட்டு எழுகிறது. 49 கிலோமீற்றர் மட்டும் ஓடி, இத்தாலிக்குள் சோச்சா என்ற பெரிய ஆற்றோடு சேர்ந்துவிடுகிறது. பள்ளத்தாக்கின் வடக்கே உயர்ந்த காட்டு மலைகள். தெற்கே ‘க்ராஸ்’ என்ற சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றைப் பற்றியும் நிலத்தடிக் குகைகளைப் பற்றியும் எழுதும்போது புவியியலாளர்கள் ‘காஸ்ட்’ என்றொரு சொல்லைப் பயன்படுத்துவார்கள். மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து உள்ளே வழி உண்டாக்கிக்கொள்ளும் நிலத்துக்கு அதுதான் பெயர். அந்தச் சொல்லே இந்த க்ராஸ் மேட்டின் பெயரிலிருந்து பிறந்ததுதான்.

கடல் கிட்ட இருப்பதால் பள்ளத்தாக்கில் குளிர் குறைவு, பழங்கள் முந்திப் பழுக்கும். ஆனால் ‘புர்யா’ என்றொரு காற்று இருக்கிறது. குளிர்காலத்தில் வடகிழக்கு மலைகளைத் தாண்டி இறங்கும் இந்தக் காற்று, பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் சில வேளைகளில் மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசும். ஓடுகள் பறக்காமல் இருக்கக் கூரைமேல் கற்களைப் பாரமாக வைப்பார்கள். காற்று வரும் பக்கத்துச் சுவரில் யன்னல் வைப்பது குறைவு. பிர்வாச்சினா இருக்கும் கீழ்ப்பகுதியில் காற்றின் வேகம் கொஞ்சம் தணிந்திருக்கும்.

1902இல் கொரீசியா நகரத்திலிருந்து பள்ளத்தாக்கின் உள்ளே போகும் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. 1906இல் மலைகளைத் துளைத்துக்கொண்டு வடக்கேயிருந்து திரியெஸ்தே துறைமுகத்துக்குப் போகும் பெரிய பாதையும் திறக்கப்பட்டது. இரண்டு பாதைகளும் சந்திக்கும் இடம் பிர்வாச்சினா. அக்காலத்தில் இந்தப் பிரதேசம் ஒஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் பகுதி. இங்கே பழுக்கும் பழங்கள் புகையிரதத்தில் தலைநகரமான வியன்னாவுக்குப் போயின. இதே நிலையத்தில் மறுதிசை வண்டியில் ஏறினால் அன்றைக்கே திரியெஸ்தே. அங்கிருந்து கப்பல். ஒரே நிலையத்திலிருந்து பழங்கள் ஒரு பக்கமும் பெண்கள் மறுபக்கமும் போன கதைதான் இந்த ஊரின் கதை எனலாம்.

1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. பருத்தி வியாபாரமும் கப்பல் வியாபாரமும் பெருகி, அலெக்சாந்திரியா செல்வந்த நகரமாயிற்று. கிரேக்கர், இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், யூதர், சிரிய நாட்டவர், எகிப்தியப் பிரபுக்கள் என்று பல சாதியாரும் அங்கே மாளிகை கட்டி வாழ்ந்தார்கள். அந்த வீடுகளுக்கு ஆயாமாரும், சமையற்காரிகளும், தையற்காரிகளும், குழந்தைக்குப் பால் கொடுக்கும் செவிலித்தாய்மாரும் தேவைப்பட்டார்கள். கொரீசியாவிலும் திரியெஸ்தேயிலும் பணக்கார வீடுகளில் வேலை செய்த கிராமத்துப் பெண்கள்தான் முதலில் தங்கள் எசமானர்களோடு போனார்கள் என்று சொல்லப்படுகிறது. ஒருத்தி போனாள், தங்கையைக் கூப்பிட்டாள், தங்கை மச்சாளைக் கூப்பிட்டாள். இப்படியே பிர்வாச்சினா, டொர்ன்பெர்க், பில்யே, மீரென், ரென்ச்சே என்று அடுத்தடுத்த ஊர்களிலிருந்து பெண்கள் போகத் தொடங்கினார்கள். மணமாகாதவர்கள், மணமானவர்கள், கணவனை இழந்தவர்கள் எல்லோரும் அவர்களுள் இருந்தார்கள்.

இதை வறுமை என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட எனக்கு விருப்பமில்லை. வறுமை முன்னரும் இருந்ததுதான். ஆனால் போனவர்களின் தொகை மிகவும் கூடியது முதலாம் உலகப் போருக்குப் பின்னர். ஆகவே போர் இந்தப் பள்ளத்தாக்கில் என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் விபரமாகவே சொல்ல வேண்டும்.

1915 மே மாதம் இத்தாலி ஒஸ்திரியா-ஹங்கேரிக்கு எதிராகப் போரில் இறங்கியது. சோச்சா ஆற்றங்கரை போர்முனையாயிற்று. 1915 ஜூனிலிருந்து 1917 நவம்பர் வரை அந்த ஆற்றின் ஓரத்தில் 12 பெரும் சமர்கள் நடந்தன. இரண்டு பக்கத்திலும் இலட்சக்கணக்கானோர் மாண்டும் காயப்பட்டும் போனார்கள். 1916 ஓகஸ்டில் கொரீசியா நகரம் இத்தாலியப் படையிடம் வீழ்ந்தபோது, போர்முனை விபாவாப் பள்ளத்தாக்கின் வாயிலுக்கே வந்துவிட்டது. இப்பகுதி ஊர்களிலிருந்து சனங்கள் வெளியேற்றப்பட்டார்கள். பலர் ஒஸ்திரியாவின் உட்பகுதியில் மரப்பலகைக் கொட்டில்களால் ஆன அகதி முகாம்களில் காலம் தள்ளினார்கள். முகாம் என்றால் என்ன என்பதை நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

திரும்பி வந்தபோது பல வீடுகளுக்குக் கூரை இல்லை, தோட்டங்களில் பதுங்குகுழிகள், மாடும் இல்லை. 1920இல் ரப்பாலோ ஒப்பந்தப்படி பிரதேசம் இத்தாலிக்குச் சேர்ந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, நாடு மாறிவிட்டது! வியன்னாச் சந்தை எல்லைக்கு அப்பால் போய்விட்டது. தெற்கு இத்தாலியில் பழம் மலிவு, அதோடு போட்டி போட இந்தச் சிறு தோட்டக்காரர்களால் முடியவில்லை. இடிந்த வீட்டைக் கட்டக் கடன் வாங்கினார்கள், காணியை ஈடு வைத்தார்கள். 1926, 1927இல் முசோலினியின் அரசாங்கம் இத்தாலிய நாணயமான லீராவின் பெறுமதியைத் திடீரென உயர்த்தியது. கேட்க நல்ல செய்திபோல இருக்கும். ஆனால் பழத்துக்குக் கிடைக்கும் விலை குறைய, வாங்கிய கடன் மட்டும் அதே தொகையில் நின்றது. காசு பெறுமதி கூடினால் கடன்காரன் தலையில்தான் பாரம் விழும். அதற்குப் பின்னால் 1930களின் உலகப் பொருளாதார நெருக்கடியும் வந்து சேர்ந்தது. காணிகள் ஏலத்துக்கு வந்தன.

அதே காலத்தில் பாசிச ஆட்சி அவர்களுடைய மொழியிலும் கை வைத்தது. 1923இல் வந்த கல்விச் சட்டத்தின் பின்னர் பாடசாலைகளில் சுலோவேனிய மொழி வருடத்துக்கு வருடம் அகற்றப்பட்டது. கடன் கொடுத்து உதவிய ஊர்க் கூட்டுறவுச் சங்கங்கள் கலைக்கப்பட்டன. குடும்பப் பெயர்கள்கூட இத்தாலியப் பெயர்களாக மாற்றப்பட்டன. ஆண்கள் பலர் அரசியல் காரணத்தாலும் வேலை தேடியும் யூகோசிலாவியாவுக்கும் ஆர்ஜென்டீனாவுக்கும் போனார்கள். ஆண்களுக்கு உள்ளூரில் வேலை இல்லை, ஆனால் எகிப்தில் பெண்களுக்கு வேலை இருந்தது. எகிப்திய பவுண் அக்காலத்தில் பிரித்தானிய ஸ்ரேலிங் பவுணை விடச் சற்றுப் பெறுமதி கூடிய நாணயம். அங்கே ஒரு பெண் உழைத்து அனுப்பும் காசு இத்தாலிய லீராவுக்கு மாறும்போது, ஊரில் ஓர் ஆண் கூலிவேலை செய்து பெறக்கூடியதை விடப் பல மடங்காக இருந்தது. கணக்கு அவ்வளவுதான்.

யார் போவது என்பதை வீட்டில் கூடிப் பேசித்தான் முடிவு செய்தார்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ‘கூடிப் பேசி’ என்ற சொல்லை வாசிக்கும்போது எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம். என் வேலையில் சந்திக்கும் பெண்கள் பலரும் ‘வீட்டில எல்லாரும் சேர்ந்துதான் முடிவெடுத்தம்’ என்றுதான் தொடங்குவார்கள். கொஞ்சம் பொறுத்திருந்து கேட்டால், முடிவு வேறு யாருடையதோ என்பது தெரியவரும். சில வேளை முழுக்க முழுக்க அவளுடைய சொந்த முடிவாகவும் இருக்கும், அதை வெளியே சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருக்கும். பிர்வாச்சினாவிலும் இரண்டு வகையும் இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அழுதுகொண்டு கப்பலேறியவர்கள் இருந்தார்கள். மாமியாரின் வீட்டிலிருந்தும் மண்வெட்டியிலிருந்தும் தப்பினோம் என்று ஏறியவர்களும் இருந்தார்கள்.

இவர்களுள் செவிலித்தாய்மாரின் கதைதான் மிகவும் கனமானது. வேறு வேலைக்கு மணமாகாதவளும் போகலாம். பால் கொடுக்கும் வேலைக்குப் போவதானால் முதலில் ஒரு பிள்ளை பெற்றிருக்க வேண்டும். ஒரு பெண் பிள்ளை பெற்றுச் சில மாதங்கள் பால் கொடுத்துவிட்டு, அந்தப் பிள்ளையைப் பாட்டியிடமோ, பால் உள்ள இன்னொரு பெண்ணிடமோ விட்டுவிட்டுத் திரியெஸ்தேக்கு வண்டி ஏறுவாள். கடற்பயணம் முடியும்வரை நெஞ்சில் பால் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வற்றினால் வேலை இல்லை. அங்கே வைத்தியர் பரிசோதித்த பின்னர்தான் வேலையில் சேர்ப்பார்கள். செவிலித்தாய்க்கு மற்ற வேலைக்காரிகளை விடக் கூடிய சம்பளம். நல்ல சாப்பாடு, நல்ல உடுப்பு, தனி மரியாதை. தன் சொந்த வீட்டில் முட்டையை விற்றுக் கடன் கட்டியவள், அங்கே எசமானியம்மாவுக்கு அடுத்தபடியாகச் சாப்பிட்டாள், பால் நன்றாக ஊற வேண்டும் என்பதற்காக.

அவளுடைய சொந்தப் பிள்ளை பசுப்பாலும் மாக்கஞ்சியும் குடித்து வளர்ந்தது. சில பிள்ளைகள் தாய் அங்கே இருக்கும்போதே இறந்தும் போயின. கடிதம் அலெக்சாந்திரியாவுக்குப் போய்ச் சேரும்போது இங்கே அடக்கம் முடிந்திருக்கும்.

அந்தப் பிரதேசத்தில் பாட்டியை ‘நோனா’ என்று அழைப்பார்கள். எங்கள் நாட்டில் நோனா என்றால் வீட்டு எசமானி அல்லவா! இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, மனம் ஒரு மாதிரியும் போயிற்று. அங்கே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் நோனாவின் கையில்தான் வளர்ந்தார்கள். அலெக்சாந்திரின்கேயைப் பற்றிப் பேசும்போது இந்த நோனாமாரை மறந்துவிடுகிறோம். வயலும் பார்த்து, ஆடும் மேய்த்து, மகளின் பிள்ளைக்கும் மருமகளின் பிள்ளைக்கும் சோறு கொடுத்த அவர்களுக்குச் சம்பளம் என்று ஒன்று இல்லை. அமெரிக்க சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஸ்சில்ட் 2000ஆம் ஆண்டில் ‘உலகப் பராமரிப்புச் சங்கிலி’ என்றொரு கருத்தை முன்வைத்தார். பணக்கார வீட்டுப் பிள்ளையை ஓர் ஏழைத் தாய் பார்க்கிறாள், அவளுடைய பிள்ளையை அதனிலும் ஏழையான ஒருத்தி பார்க்கிறாள், அவளுடைய பிள்ளையை அவளது மூத்த மகள் பார்க்கிறாள் என்பது அதன் சாரம். பல்கலைக்கழகத்தில் அதைப் புதிய காலத்துச் செய்தியாகத்தான் படித்தோம். பிர்வாச்சினாவில் அந்தச் சங்கிலி நூறு வருடத்துக்கு முன்னரே பூட்டப்பட்டிருந்தது.

அனுப்பிய காசு எங்கே போயிற்று? கடனுக்கு, ஈட்டிலிருந்த காணியை மீட்க, கூரை போட, மாடு வாங்க, தம்பியைப் படிப்பிக்க. இன்றைக்கும் அந்த ஊர்களில் எந்த வீடு எகிப்துக் காசில் எழும்பியது என்று சுட்டிக்காட்டக்கூடியவர்கள் உண்டு. குடித்தே அழித்த கணவன்மாரும் இருந்தார்கள், பொறுப்பாகப் பிள்ளை வளர்த்த கணவன்மாரும் இருந்தார்கள். அதைப் பற்றி அதிகம் சொல்ல என்ன இருக்கிறது? உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அலெக்சாந்திரியாவில் அவர்களுக்கென்று ஒரு புகலிடமும் இருந்தது. ஒஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசேப்பின் பெயரால் அமைந்த அந்த இல்லத்தில் 1908இலிருந்து சுலோவேனியக் கன்னியாஸ்திரிகள் பணியாற்றினார்கள். ஒரு வீட்டிலிருந்து வேலை நின்று மற்ற வீடு கிடைக்கும்வரை, அல்லது வருத்தம் வந்துவிட்டால், அங்கே தங்கலாம். ஞாயிறு பின்னேரங்களில் கூடித் தங்கள் மொழியில் பாடினார்கள், பேசினார்கள், ஊர்ப் புதினம் பரிமாறினார்கள். தங்கள் ஊர்ப் பாடசாலையில் தடுக்கப்பட்ட மொழியை எகிப்தில் சுதந்திரமாகப் பேசினார்கள் என்பதைக் கவனியுங்கள். வேலை பார்த்த வீடுகளில் பிரெஞ்சும் இத்தாலியமும் அரபும் பழகினார்கள். கிராமத்துப் பாடசாலையில் சில வருடங்கள் மட்டும் படித்த பெண்களில் பலர் மூன்று நான்கு மொழி தெரிந்தவர்களாக ஊர் திரும்பினார்கள். வேலை கொடுப்போரிடையே அவர்களுக்கு நல்ல பெயர். நம்பிக்கையானவர்கள், துப்புரவானவர்கள் என்று தேடி எடுத்தார்கள். பின்னாளில் 1992 தொடக்கம் 1996 வரை ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகமாக இருந்த பூத்ரோஸ் பூத்ரோஸ் காலியைச் சிறுவயதில் வளர்த்த ஆயாவும் சுலோவேனியப் பெண்தான்.

ஆனால் ஊரிலே அவர்களுக்கு என்ன பெயர் கிடைத்தது? 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே சுலோவேனியப் பத்திரிகைகளில், குறிப்பாகச் சமயச் சார்பான பத்திரிகைகளில், இவர்களைக் கண்டித்து எழுதினார்கள். குடும்பத்தைக் கைவிட்டவர்கள், ஒழுக்கம் கெட்ட நகரத்தில் கெட்டுப்போகிறவர்கள், பவிசுக்கு ஆசைப்பட்டவர்கள் என்றெல்லாம். அங்கே ‘அழகிய வீதா’ என்றொரு பழைய நாட்டார் கதைப்பாட்டு உண்டு. கடற்கரையில் பிள்ளையின் துணி அலசிக்கொண்டிருந்த ஓர் இளம் தாய், கப்பலில் வந்த அந்நியனின் பேச்சில் மயங்கி, நோயாளிப் பிள்ளையை விட்டுவிட்டு, ஸ்பெயின் நாட்டு அரசியின் குழந்தைக்குப் பால் கொடுக்கப் போய்விடுகிறாள். பிறகு வாழ்நாள் முழுதும் யன்னலோரத்தில் நின்று அழுகிறாள். கவிஞர் பிரெஷெரென் 19ஆம் நூற்றாண்டில் அதைத் தன் கவிதையாகவும் ஆக்கினார். ஆகவே ஊராருக்கு அச்சு ஒன்று ஆயத்தமாகவே இருந்தது. எகிப்துக்குப் போனவளை அதற்குள் ஊற்றிவிட்டால் போதும், அவள் மயங்கிப் போனவளாகிவிடுவாள்.

கதைப்பாட்டில் கடன் இல்லை, ஏலம் இல்லை, போர் இல்லை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். அவள் ஏன் போனாள் என்ற கேள்விக்கு அவளுடைய மனசுக்குள் மட்டும் விடை தேடினால், சமர் நடத்திய அரசுகளும் வட்டி வாங்கிய வங்கிகளும் மொழியைத் தடுத்த ஆட்சியும் தப்பிவிடுகின்றன. பழி முழுவதும் ஒரு தாயின் தலையில் வந்து நிற்கிறது. எங்கள் நாட்டிலும் 2013இல், 5 வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக முடியாது என்று விதி கொண்டுவந்து, ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ கேட்டார்கள். பின்னர் அது தளர்த்தப்பட்டது. பிள்ளையின் நன்மைக்கென்றுதான் சொன்னார்கள். தகப்பனிடம் அப்படியோர் அறிக்கை கேட்கப்படவில்லை.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. பிள்ளைகளின் காயம் உண்மையானது. அலெக்சாந்திரின்கேயின் பிள்ளைகள் முதுமையில் சொன்ன நினைவுகள் பதிவு செய்யப்பட்டிருக்கின்றன. பத்து வருடம் கழித்துத் தொப்பியும் நல்ல சட்டையும் போட்டுக்கொண்டு வந்து இறங்கிய பெண்மணியை அம்மா என்று கூப்பிட வாய் வராமல் நோனாவின் பின்னால் ஒளிந்தது அவற்றில் அடிக்கடி வருகிறது. பட்டுச்சட்டையும் பொம்மையும் பெட்டியில் வந்தன, அம்மா வரவில்லை என்ற மனக்கசப்பு எழுபது வயதிலும் சிலருக்கு ஆறவில்லை. தாய்க்கும் அதேதான். அங்கே வளர்த்த பிள்ளை இவளைக் கட்டிப்பிடித்து அழ, பெற்ற பிள்ளை ஒளிந்துகொள்ளும். அலெக்சாந்திரியாவில் பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளில் சிலர், பெரியவர்களானபின் தங்களை வளர்த்தவளைத் தேடி இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்ததும் உண்டு. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற சொந்தப் பிள்ளையின் நெஞ்சில் என்ன ஓடியிருக்கும்!

இரண்டாம் உலகப் போர் வந்தபோது தொடர்பு அறுந்தது. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. பிரித்தானியரின் பிடியிலிருந்த எகிப்தில் இந்தப் பெண்கள் இத்தாலியக் கடவுச்சீட்டுக்காரர். வருடக்கணக்காகக் கடிதமும் இல்லை, காசும் இல்லை. வீட்டில் யார் உயிரோடு, யார் இல்லை என்பது தெரியாது. 1947இல் சமாதான ஒப்பந்தப்படி பிர்வாச்சினா யூகோசிலாவியாவுக்குச் சேர்ந்தது. கொரீசியா நகரம் இத்தாலியோடு நின்றது. தாங்கள் போனபோது ஒரு நாடாக இருந்த ஊருக்கு இன்னொரு நாட்டின் கடவுச்சீட்டோடு திரும்ப வேண்டிய நிலை. 1956இல் சுயெஸ் நெருக்கடியின் பின்னர் பணக்கார வெளிநாட்டவர்கள் எகிப்தைவிட்டு வெளியேற, வேலையும் முடிந்தது. பலர் ஊர் திரும்பினார்கள். சிலர் தாங்கள் வளர்த்த குடும்பங்களோடு வேறு நாடுகளுக்குப் போனார்கள். சிலர் அங்கேயே தங்கிவிட்டார்கள்.

புதிய சோசலிச நாட்டில் பணக்கார வீட்டு வேலைக்காரி என்பது பெருமைப்படும் கதையாக இருக்கவில்லை. போரில் வீழ்ந்தவர்களுக்கு ஊருக்கு ஊர் நினைவுக்கல் எழும்பியது. இவர்களுக்கு ஒன்றும் இல்லை. திரும்பி வந்தவர்களும் வாய் திறக்கவில்லை. பெட்டி பரணில் கிடந்தது. 1970களில் டோரிட்சா மகுட்ஸ் என்ற பத்திரிகையாளர் முதியவர்களான அலெக்சாந்திரின்கேயைத் தேடிப்போய்ப் பேசி, தொலைக்காட்சிக்கு விவரணப்படம் எடுத்தார். 1993இல் ‘அலெக்சாந்திரின்கே’ என்ற நூலையும் வெளியிட்டார். அப்போதுகூடக் கதவைத் திறக்காத வீடுகள் இருந்திருக்கும். 2005இல் பிர்வாச்சினாவில் இப்பெண்களின் மரபைப் பேணுவதற்கென ஒரு சங்கம் அமைந்தது, அருங்காட்சியகமும் அதே காலத்தில் உருவானது. பேத்திமாரும் பேரன்மாரும் பரணிலிருந்து பெட்டிகளை இறக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். 2011இல் மெதோத் பேவெட்ஸ் என்ற இயக்குநர் இவர்களைப் பற்றி முழுநீள விவரணப்படமும் எடுத்தார். நாடகங்களும் நாவல்களும்கூட வந்துவிட்டன. இப்போது சிலர் இவர்களைத் தியாகத் தெய்வங்களாக்கப் பார்க்கிறார்கள். அதுவும் எனக்கு உவப்பில்லை. முன்னர் மயங்கிப்போனவள், இப்போது தெய்வம். இடையில் சம்பளத்துக்கு வேலை செய்த ஒரு பெண்ணாக அவளைப் பார்ப்பதற்கு ஏன்தான் இவ்வளவு கஷ்டமோ தெரியவில்லை.

பேத்திமார் அந்தக் கடிதங்களைக் கொடுத்ததில் ஒரு விசேடம் உண்டு. வீட்டுச் செலவுக் கணக்கு, மாட்டுக்கு என்ன விலை, சின்னவனுக்குச் சப்பாத்து வாங்கியாயிற்றா, காணிக்காரனுக்குக் கட்டினீர்களா என்று எழுதிய கடிதங்கள் அவை. ஊரில் இல்லாதபோதும் வீட்டை நடத்தியவள் அவள்தான் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய சகோதரிகள் சிலரின் வீட்டில் பழைய வான்கடிதங்களும், பேசிப் பதிந்து அனுப்பிய ஒலிநாடாக்களும் இன்னும் கிடக்கின்றன. பிள்ளைகள் குப்பையில் போடுமுன் ஒரு பெட்டியில் பத்திரமாக எடுத்து வையுங்கள். வருடத்தையும் இடத்தையும் ஒரு துண்டில் எழுதி உள்ளே வைத்தால் இன்னும் நல்லது.

கொரீசியாவும், எல்லையின் இந்தப்பக்கம் 1948இலிருந்து புதிதாகக் கட்டப்பட்ட நோவா கொரீசா நகரமும் சேர்ந்து 2025ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரமாக இருந்தன. பிர்வாச்சினா அந்தப் புதிய நகரத்தின் மாநகர எல்லைக்குள் வருவது. அருங்காட்சியகம் ஊருக்குள் இருக்கிறது, புகையிரத நிலையம் இன்னும் இயங்குகிறது. பீச்சுப் பழம் ஆனி மாதத்தில் பழுக்கத் தொடங்கும். ஊர் திரும்பாத பெண்களின் கல்லறைகள் அலெக்சாந்திரியாவிலும் கெய்ரோவிலும் உள்ள கத்தோலிக்க சேமக்காலைகளில் இருக்கின்றன. பள்ளத்தாக்கிலிருந்து பேரப்பிள்ளைகள் போய், கல்லில் உள்ள பெயரைத் தேடி, பூ வைத்துவிட்டு வருகிறார்கள்.